மருந்தின் வரலாறும் விலையின் வரலாறும்

பசியைத் தணிப்பதற்கு மனிதகுலம் நடத்திய போராட்டத்தின் வரலாறு மிக நீண்டது. பசியை அடக்குவதற்கு மருந்து தேடிய வரலாறோ அண்மைக் காலத்தது. உடற்பருமனைக் குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றி இன்று உலகெங்கும் பேசுகின்றனர். இவற்றை நூற்றாண்டின் அற்புதமெனக் கொண்டாடுவோர் ஒருபுறம். உண்டு கொழுத்தவரின் ஆடம்பரமென ஒதுக்குவோர் மறுபுறம். இரண்டாவது வகையினருள் நம்முடைய முற்போக்கு நண்பர்களும் பலர் உளர். இவ்விரு கூற்றுக்களும் வரலாற்றை நோக்காது எழுந்தவை என்பதே நமது கருத்து. ஒரு மருந்தை மதிப்பிடுவோர் அதன் நன்மை, அதனால் விளையும் தீங்கு, அதன் விலை ஆகிய மூன்றையும் ஒருங்கே சீர்தூக்கவேண்டும். முதலிரண்டும் உடலின் இயல்பைச் சார்ந்தவை. மூன்றாவது சமூகத்தின் இயல்பைச் சார்ந்தது.

முதலில், உடற்பருமன் உண்மையிலே ஆடம்பரத்தின் விளைவுதானா என்று நோக்குவோம். 2022 ஆம் ஆண்டில் நூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள், அதாவது உலகில் எட்டுப்பேருக்கு ஒருவர், இந்நோய் உடையவராய் இருந்தனர் என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. நீரிழிவு, இதயநோய், சிறுநீரகநோய், மூட்டுநோய் என்பன இதனைத் தொடர்ந்து வருவன. செல்வம் மிகுந்த கைத்தொழில் நாடுகளில் இச்சுமையைப் பெரிதுஞ் சுமப்போர், சிறப்பாகப் பெண்களிடையே, வறியவரே. மலிவாகக் கிடைப்பது சீனியும் எண்ணெயும் செறிந்த ஆலை உணவு. சமைப்பதற்கு நேரமில்லை, உலாவுவதற்கு இடமுமில்லை. இச்சூழ்நிலையில் வாழும் தொழிலாளியை நோக்கி, ‘நீ நாவை அடக்கத் தெரியாதவன்’ என்று உபதேசிப்பது எளிது. சமூகத்தின் குற்றத்தைத் தனிமனிதனின் குணக்குறையாகக் காட்டும் பழைய தந்திரமே அது. அத்தந்திரத்துக்கு நாமும் துணைபோகலாகாது.

இனி மருந்துகளின் வரலாற்றைப் பார்ப்போம். அது தொடக்கத்திற் பெருமைப்படத்தக்க வரலாறன்று. முதலாம் உலகப்போரின்போது பிரான்சிய வெடிமருந்துத் தொழிற்சாலைகளிலே டைநைத்திரோபீனோல் என்னும் இரசாயனப் பொருளைக் கையாண்ட தொழிலாளர் காய்ச்சலுற்று, வியர்த்து, மெலிந்தனர். சிலர் மாண்டும் போயினர். தொழிலாளரின் சாவினால் வெளிப்பட்ட இவ்வுண்மை, 1933 ஆம் ஆண்டிலே ஐக்கிய அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளரின் கையில் மெலிவு மருந்தாக உருமாறியது. 1934 முடிவதற்குள் ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் அதனை உட்கொண்டனர் என மதிப்பிடப்பட்டது. பலருக்குக் கண்புரை உண்டாயிற்று. சிலர் உடல்வெப்பம் கட்டுக்கடங்காது உயர்ந்து இறந்தனர். 1938 ஆம் ஆண்டின் உணவு மருந்துச் சட்டம் வந்த பின்னரே அம்மருந்து அந்நாட்டுச் சந்தையிலிருந்து விரட்டப்பட்டது.

அதன்பின் அம்பெற்றமின் மாத்திரைகளின் காலம் வந்தது. 1960களில் அமெரிக்க நகரங்களிலே அம்பெற்றமினும் தைரொயிட்டு ஓமோனும் பிறவும் கலந்து, பல வர்ணங்களில் ‘வானவில் மாத்திரைகள்’ என விற்கப்பட்டன. மரணங்கள் நிகழ்ந்தன, 1968 இல் அந்நாட்டு மேற்சபை விசாரணை நடத்தியது. 1990களில் பென்புளூரமின், பென்ரமின் என்னும் இரண்டையும் சேர்த்து வழங்கும் முறை பெருவழக்காயிற்று. அதனால் இதய வால்வுகள் பழுதுறுதல் கண்டறியப்படவே 1997 செப்டெம்பரிற் பென்புளூரமின் மீளப்பெறப்பட்டது. ஐரோப்பாவில் 2006 இல் அனுமதி பெற்ற றிமொனபன்ற், அதனை உட்கொண்டோரின் மனத்தைச் சோர்வுறுத்தியமையால் 2008 இல் நிறுத்தப்பட்டது. ஒவ்வொரு முறையும் நிகழ்ந்தது ஒன்றே: உடலின் இயக்கத்தை முற்றாக அறியுமுன் சந்தை முந்திக்கொண்டது, பழியை நோயாளியின் உடல் ஏற்றது. இன்றைய ஊசியை ஐயத்துடன் நோக்குவோர்க்கு இவ்வரலாறே தக்க காரணமாகும்.

ஆயின் இன்றைய ஊசி இந்த வழியிற் பிறந்ததன்று. அது நீரிழிவு ஆராய்ச்சியின் வயிற்றிற் பிறந்தது. ஆதலால் நாம் ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்லவேண்டும்.

1922 சனவரியிலே கனடாவின் ரொறன்ரோ நகரில், நீரிழிவினாற் சாவை நெருங்கியிருந்த 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு இன்சுலின் ஊசி ஏற்றப்பட்டது. மனிதருக்கு அம்மருந்து வழங்கப்பட்ட முதல் நிகழ்ச்சி அதுவே. அதனைக் கண்டறிந்தோருள் பான்ரிங், பெஸ்ற், கொலிப் ஆகிய மூவரின் பெயரிலும் ஆக்கவுரிமை பெறப்பட்டது. 1923 இல் அவர்கள் அதனை ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டொலர் பெற்றுக்கொண்டு கையளித்தனர். உயிர்காக்கும் மருந்து தனியொருவரின் உடைமையாகலாகாது என்பதே அச்செயலின் பொருள். உற்பத்தி செய்யும் வாய்ப்பு அமெரிக்காவின் ஈலை லில்லிக் கம்பனிக்குக் கிட்டியது. அதே 1922 இல் ரொறன்ரோவுக்குச் சென்ற டென்மார்க்கு நாட்டு நோபெல் பரிசாளர் ஓகஸ்ற் குறோக் தம் நாட்டில் இன்சுலின் செய்யும் அனுமதியைப் பெற்று மீண்டார். அவர் மனைவி மரீ குறோக் தாமே வைத்தியர். தாமே நீரிழிவு நோயாளி. அம்முயற்சியிலே தோன்றிய நிறுவனமும், அதிலிருந்து பிரிந்தோர் 1925 இல் தொடங்கிய நிறுவனமும் 1989 இல் இணைந்தன. இன்று மெலிவூசிச் சந்தையை ஆளும் இரு கம்பனிகள் எவை? ஒன்று ஈலை லில்லி. மற்றையது அவ்விணைப்பிற் பிறந்த நோவோ நோர்டிஸ்க். ஒரு டொலர்க் கொடையின் வழித்தோன்றல்களே இவ்விரண்டும் என்பதை வாசகர் மனங்கொள்ளவேண்டும்.

புதிய மருந்தின் அடிப்படை அறிவும் பெரும்பாலும் பொதுநிறுவனங்களிலே விளைந்தது. 1980களில் அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் பொது வைத்தியசாலையில் ஜோயெல் ஹபெனெரும் ஸ்வெத்லானா மொய்சொவும், கொப்பன்ஹேகனில் யென்ஸ் ஹோல்ஸ்றும் குடலிற் சுரக்கும் ஓர் ஓமோனை ஆராய்ந்தனர். உண்ட பின் இவ்வோமோன் சதையியைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்கிறது. இரைப்பை வெறுமையாவதைத் தாமதப்படுத்துகிறது. மூளைக்கு ‘போதும்’ என்னும் செய்தியை உணர்த்துகிறது. எனினும் அது உடலிற் சில நிமிடங்களிலே சிதைந்துவிடும். இக்கண்டுபிடிப்பிற் பெரும்பங்கு கொண்ட மொய்சொவின் பெயர் தொடக்கத்தில் ஆக்கவுரிமைப் பத்திரங்களில் இடம்பெறவில்லை. அவர் நெடுங்காலம் போராடியே அதனைச் சேர்ப்பிக்க நேர்ந்தது. 2024 இல் லஸ்கர் பரிசு அவரையும் ஹபெனெரையும் நோவோ நோர்டிஸ்க் விஞ்ஞானி லொத்த பியெர் குனுட்சனையும் ஒருங்கே கௌரவித்தது.

அமெரிக்கத் தென்மேற்குப் பாலைநிலத்திலே கீலா என்னும் நச்சுப்பல்லி ஒன்றுண்டு. 1992 இல், நியூயோர்க்கின் பிரொங்ஸ் பகுதியில் முன்னாட் படைவீரருக்கென நடத்தப்படும் அரசாங்க வைத்தியசாலையைச் சேர்ந்த ஜோன் எங், அதன் நஞ்சிலே மேற்சொன்ன ஓமோனை ஒத்த, ஆயினும் எளிதிற் சிதையாத ஒரு பொருளைக் கண்டார். அதிலிருந்து பிறந்த எக்செனடைட் 2005 இல் நீரிழிவு மருந்தாக அனுமதி பெற்றது. அது நாளுக்கு இருமுறை ஏற்றப்படுவது. பின்னர் வந்த லிரகுளூடைட் நாளுக்கு ஒருமுறை ஏற்றப்பட்டது. 2017 இல் நீரிழிவுக்கும் 2021 இல் உடற்பருமனுக்கும் அமெரிக்க அனுமதி பெற்ற செமாகுளூடைட்டோ வாரத்துக்கு ஒருமுறை போதுமானது. ஒசெம்பிக், வெகோவி என விற்கப்படுவன இதனையே. ஈலை லில்லியின் டேர்செபடைட் உடற்பருமனுக்கு 2023 இல் அனுமதி பெற்றது. நிமிடங்களில் மறையும் பொருளை வாரக்கணக்கில் நிலைபெறச் செய்தது கம்பனி விஞ்ஞானிகளின் மெய்யான சாதனை. அதனை நாம் மறுக்கவில்லை.

நன்மையும் மெய்யானதே. 1,961 பேரைக் கொண்டு 68 வாரம் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான பரிசோதனையிற் செமாகுளூடைட் பெற்றோர் சராசரி 14.9 வீதம் உடல்நிறை குறைந்தனர். வெற்றூசி பெற்றோர் 2.4 வீதமே குறைந்தனர். டேர்செபடைட்டின் உயர்ந்த அளவைப் பெற்றோர் 72 வாரத்தில் 20.9 வீதம் குறைந்தனர். இவற்றினும் பெரிது 2023 இல் வெளியான ஆய்வு. இதயநோயும் மிகைநிறையும் உடைய, ஆயினும் நீரிழிவற்ற 17,604 பேரிடையே மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்தோர் வெற்றூசி பெற்றவருள் 8.0 வீதம், மருந்து பெற்றவருள் 6.5 வீதம். ஆடம்பரப் பொருள் மாரடைப்பைத் தடுக்குமோ?

தீங்குகளை மறைப்பதும் நேர்மையன்று. முதற்சொன்ன பரிசோதனையில் மருந்து பெற்றோருள் 44 வீதத்தினருக்குக் குமட்டல் உண்டாயிற்று. வாந்தி, வயிற்றோட்டம், மலச்சிக்கல் என்பனவும் பொதுவாகக் காணப்படுபவை. பித்தப்பைக் கற்கள் தோன்றலாம். அரிதாகச் சதையி அழற்சியும் நேரலாம். எலிகளிலே தைரொயிட்டுக் கட்டிகள் காணப்பட்டமையால் அக்குறித்த புற்றுநோய் குடும்பத்திலுள்ளோர் இதனைத் தவிர்க்குமாறு எச்சரிக்கப்படுகின்றனர். பத்தாயிரம் பேருள் ஒருவர்வரை கண்ணரம்பு பாதிப்புற்றுப் பார்வையிழக்கக்கூடும் என 2025 சூனில் ஐரோப்பிய மருந்து முகவரகம் அறிவித்தது. குறையும் நிறையிற் கொழுப்பு மட்டுமன்றித் தசையும் அடங்கும். அனைத்திலும் முக்கியமானது, மருந்தை நிறுத்தியோர் ஓராண்டுக்குள் இழந்த நிறையில் மூன்றிலிரண்டு பங்கை மீளப்பெற்றமையாகும். எனவே பெரும்பாலார்க்கு இது நீண்டகால மருந்து. வைத்தியரின் கண்காணிப்பின்றி, அழகின்பொருட்டு, சந்தையில் வாங்கி ஏற்றத்தக்கதன்று. ஆயினும் இத்தீங்குகள் பழைய மருந்துகளினுடையவற்றைப்போல் மூடிவைக்கப்பட்டவையல்ல, பெரும்பாலும் அளந்தறியப்பட்டவை.

நீண்டகால மருந்து என்றவுடன் விலை முன்னே வந்து நிற்கின்றது. 2021 இல் வெகோவி அமெரிக்கச் சந்தைக்கு வந்தபோது அதன் பட்டியல் விலை மாதம் ஏறத்தாழ 1,349 டொலர். 2024 இல் ஒசெம்பிக்கின் ஒரு மாத விலை அமெரிக்காவில் 969 டொலர்; ஜேர்மனியில் 59 டொலர் என அமெரிக்க மேற்சபைக் குழுவொன்று எடுத்துக்காட்டியது. மருந்து ஒன்றே, விலைதான் பதினாறு மடங்கு வேறு. அதே ஆண்டில் வெளியான ஆய்வொன்று, செமாகுளூடைட்டை நியாயமான இலாபத்தையுஞ் சேர்த்து மாதம் 0.89 டொலர் தொடக்கம் 4.73 டொலர் வரையான விலைக்கு வழங்கமுடியும் எனக் கணித்தது. கம்பனிகள் ஆராய்ச்சிச் செலவைக் காட்டுகின்றன. ஆராய்ச்சிக்குச் செலவுண்டு, உண்மை. ஆனால் அவ்வாராய்ச்சியின் வேர் பொதுநிறுவனங்களில் அன்றோ ஊன்றி நின்றது? ஒரு டொலருக்குப் பெற்ற கொடையையும் அரசாங்க வைத்தியசாலையில் விளைந்த அறிவையும் எந்தக் கணக்கேட்டில் வரவு வைப்பது?

இவ்விலையின் விளைவுகளையும் நோக்குக. 2022 தொடக்கம் 2025 தொடக்கம்வரை அமெரிக்காவிலே செமாகுளூடைட்டுக்குத் தட்டுப்பாடு நிலவியது. மெலிவை நாடிய வசதிபடைத்தோர் வாங்கிக்கொள்ள, நீரிழிவு நோயாளர் மருந்துக்கடை தோறும் அலைந்தனர். 2023 இல் நோவோ நோர்டிஸ்க்கின் சந்தைப் பெறுமதி டென்மார்க்கு நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியையும் விஞ்சியது. 2025 செப்டெம்பரில், போட்டியிற் பின்தங்கியபோது, அதே கம்பனி ஏறத்தாழ 9,000 பேரை வேலைநீக்கஞ் செய்வதாக அறிவித்தது. 2025 நவம்பரில் ஈலை லில்லியின் பெறுமதி ஓரிலட்சங் கோடி டொலரைத் தொட்டது. அதே மாதத்தில் அமெரிக்க அரசாங்கத்துடன் உடன்பட்டு இரு கம்பனிகளும் விலையைக் குறைக்க இணங்கின. விலை இயற்கையின் நியதியன்று, மனிதர் இட்டதே என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

மருந்தின் விலையை மக்கள் மாற்றமுடியும் என்பதை நம் நாட்டு வரலாறே முன்னர் காட்டியுள்ளது. 1971 இல் பேராசிரியர் சேனக்க பிபிலேயும் வைத்தியகலாநிதி எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. வணிகப் பெயருக்குக் காசு கொடாது, மருந்தின் உண்மைப் பெயரால் உலகளாவிய கேள்விப்பத்திரம் கோரி, தேவையானதை மட்டும் வாங்கும் முறையை அது தொடக்கியது. பிபிலே 1977 இற் காலமானார். உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகளின் முதற்பட்டியலை வெளியிட்டதும் அதே ஆண்டிலாகும். 2025 செப்டெம்பரில் அப்பட்டியலிலே, இதயநோயோ சிறுநீரகநோயோ உடைய நீரிழிவு நோயாளர்க்கென இவ்வகை மருந்துகள் சேர்க்கப்பட்டன. எனினும் 2030 ஆம் ஆண்டிலும் பயன்பெறத்தக்கோருள் பத்து வீதத்துக்குக் குறைந்தோரையே இவை சென்றடையும் என அந்நிறுவனமே கணித்துள்ளது. இந்தியாவிற் செமாகுளூடைட்டின் ஆக்கவுரிமைக் காலத்துக்கு 2026 மார்ச்சு மாதமே எல்லை. ஆக்கவுரிமை நீங்குமிடத்து வேறு உற்பத்தியாளர் புகுவர், விலை வீழும். எயிட்ஸ் நோய்க்கான மருந்துகளில் 2001 இன் பின்னர் உலகம் கண்ட உண்மை அது.

எனவே இம்மருந்தை ஏளனஞ் செய்து ஒதுக்குவது முற்போக்காகாது. நாம் ஒதுக்கினால் அது மறைந்துவிடப் போவதில்லை. செல்வரிடம் மட்டும் எஞ்சிநிற்கும். அதனை வழிபடுவதும் தகாது. மலிவான நல்லுணவும் ஓய்வும் விளையாட்டுவெளியும் மக்களுக்கு மறுக்கப்படும்வரை, சமூகம் ஒரு கையால் நோயை விற்று, மறுகையால் ஊசியை விற்றுக்கொண்டே இருக்கும். உணவையும் மாற்றவேண்டும், மருந்தையும் பொதுவாக்கவேண்டும். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்போர் இரண்டையும் இழப்பர்.

நூறாண்டுக்கு முன் மூவர் ஒரு மருந்தின் உரிமையை ஒவ்வொரு டொலருக்குக் கையளித்தனர். அம்மருந்தினாற் செழித்தோர் இன்று அதன் வழிவந்த மருந்தை ஆயிரம் டொலருக்கு விற்றுப் பழகியுள்ளனர். இவ்விரு தொகைகளுக்கும் இடைப்பட்ட தூரத்தை வகுத்தது விஞ்ஞானமன்று, உடைமையே. அத்தூரத்தைக் குறைக்கும் பணியும் விஞ்ஞானிகளுக்கு மட்டும் உரியதன்று; நம் அனைவருக்கும் உரியது.