கொழுந்துக்கு வீசிய காற்று

ஆனி, ஆடி, ஆவணி ஆகிய மூன்று திங்களிலும் ஊவா மாகாணத்திற் கச்சான் காற்று வீசும். அப்புத்தளைக் கணவாயில் இரவும் பகலும் அதன் இரைச்சல் ஓயாது. பத்தனைப் புல்நிலங்கள் பழுப்பு நிறம் அடையும். பதுளை ஓயாவின் நீர் குறையும். கிணறுகளின் கயிறு நீளும். மேற்கே அட்டனும் நுவரெலியாவும் இடைவிடாத மழையில் நனைந்துகொண்டிருக்கும் அதே நாட்களில், மலைத்தொடரின் கிழக்கே உள்ள ஊவா காய்ந்து கிடக்கும். ஒரே தென்மேற்குப் பருவக்காற்றுத்தான் ஒரு புறத்தில் மழையையும் மறு புறத்தில் வறட்சியையும் தருகின்றது.

இதன் காரணம் எளிதில் விளங்கக்கூடியதே. கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று, மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, தன் ஈரத்தை மழையாகப் பொழிந்துவிடுகின்றது. மலைமுகட்டைத் தாண்டிக் கீழே இறங்குகையில் அது உலர்ந்த காற்றாகிவிடுகின்றது. உலர்ந்த காற்று ஆயிரம் மீற்றர் இறங்கினால் ஏறக்குறையப் பத்துப் பாகை சூடேறும். ஐரோப்பாவின் ஆல்ப்சு மலையடிவாரத்தில் வீசும் போன் என்னும் காற்றும் இவ்வகையைச் சேர்ந்ததே. அப்புத்தளை கடல்மட்டத்திலிருந்து 1,400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. மலைகள் சூழ்ந்த கிண்ணம் போன்ற தாழ்நிலத்தில் அமைந்த பதுளை நகரோ 700 மீற்றரையும் எட்டாதது. எனவே அப்புத்தளையிற் போர்வை தேடுகின்ற அதே நாளிற் பதுளைக் கடைவீதியில் விசிறி தேடுவர். இன்னும் கீழே இறங்கி வெல்லவாயாவையும் மகியங்கனையையும் அடைந்தால், வெப்பம் சமவெளிக்குரிய வெப்பமே.

உழவனுக்குத் துன்பம் தந்த இக்காற்று தேயிலைக்கு வரமாக அமைந்தது. 1869 இல் இலங்கையிற் காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை அழித்தபின், மலைநாடெங்கும் தேயிலை பரவிற்று. 1886 இல் ஊவா தனி மாகாணமாக்கப்பட்டது. 1890 இல் தோமசு லிப்டன் அப்புத்தளைக்கு அருகேயுள்ள தம்பதென்னைத் தோட்டத்தை வாங்கினார். 1893 இல் அப்புத்தளைக்கும், 1894 இற் பண்டாரவளைக்கும், 1924 இற் பதுளைக்கும் புகையிரதம் வந்து சேர்ந்தது. யூலை முதல் செத்தெம்பர் வரை, வறண்ட கச்சான் வீசும் பருவத்திற் பறிக்கப்படும் ஊவாத் தேயிலையின் தனி மணம் உலகச் சந்தையிற் புகழ் பெற்றது.

அம்மணத்திற்குக் காற்று இரண்டு வகையில் உதவிற்று. செடியில் நிற்கும்போது கொழுந்தைச் சுண்டச் செய்தது முதலாவது. பறித்த கொழுந்தைத் தொழிற்சாலையில் வாட்டியது இரண்டாவது. தோட்ட மக்கள் ‘ஸ்டோர்’ என்று வழங்கும் தேயிலைத் தொழிற்சாலையின் தோற்றத்தைக் கூர்ந்து நோக்கினால் இவ்வுண்மை புலப்படும். மூன்று நான்கு மாடிகள், சுற்றிலும் வரிசை வரிசையாகச் சன்னல்கள், மேட்டின் மீது காற்றுக்கு முகங்கொடுத்த நிலை ஆகிய யாவும் கொழுந்தை வாட்டுவதற்காகவே வகுக்கப்பட்டவை. பச்சைக் கொழுந்தின் நிறையில் முக்காற் பங்கும் அதற்கு மேலும் நீரே. அதனைச் சாக்குத்துணி விரித்த தட்டுக்களில் மெல்லியதாகப் பரப்பி, இரவு முழுவதும் காற்றுப்படச் செய்து, கசங்கினும் முறியாத பதம் வந்தபின்னரே உருளைப் பொறிக்கு அனுப்புவர். வாட்டம் குறைந்தாலும் மிகுந்தாலும் தேயிலை கெடும். ஆகவே வாட்டும் மாடியில் இரண்டு வெப்பமானிகள் அருகருகே தொங்கவிடப்பட்டிருந்தன. ஒன்றன் குமிழ் உலர்ந்தது. மற்றதன் குமிழில் ஈரத்துணி சுற்றப்பட்டிருக்கும். இரண்டின் அளவுக்கும் உள்ள வேறுபாடு மிகுந்தாற் காற்று உலர்ந்தது என்பது பொருள். அப்போது சன்னலைத் திறந்துவிடுதலே போதுமானது. வேறுபாடு குறைந்தாற் காற்று ஈரமானது. அப்போதுதான் சூடும் விசிறியும் வேண்டப்பட்டன. காற்றை அளந்து அறிந்தபின் பொறியை இயக்குதல் என்னும் இவ்வொழுங்கு, வாட்டும் தொழிலின் முதற்பாடமாகும்.

மழைநாளுக்கென விசிறியை ஆக்கித் தந்தவருள் முதன்மையானவர் சாமுவேல் டேவிட்சன் என்னும் அயர்லாந்துக்காரர். 1864 இல் இந்தியாவின் கச்சார்ப் பகுதிக்குத் தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்த அவர், தேயிலை உலர்த்தும் பொறிகளை ஆக்குவதில் ஈடுபட்டு, 1881 இற் பெல்பாஸ்ட் நகரில் தமது தொழிற்சாலையை நிறுவினார். சகாராப் பாலைவனத்திலிருந்து மத்தியதரைக் கடலைக் கடந்து வீசும் வெங்காற்றின் பெயரான ‘சிரோக்கோ’ என்பதையே தம் பொறிகளுக்கும் சூட்டினார். இலங்கைத் தோட்டங்களெங்கும் அப்பெயர் பழகிய சொல்லாயிற்று. 1898 இல் அவர் ஆக்கிய விசிறி, கப்பல்களுக்கும் சுரங்கங்களுக்கும் காற்றூட்டப் பயன்பட்டது. 1903 இற் பெல்பாஸ்டில் திறக்கப்பட்ட அரச விக்டோரியா மருத்துவமனைக்கும் அவருடைய விசிறிகளே பொருத்தப்பட்டன. அங்கே வெளிக்காற்று, நீர் சொட்டும் நார்க்கயிற்றுத் திரையினூடாக இழுக்கப்பட்டு, தூய்மையும் ஈரமும் பெற்று நோயாளர் கூடங்களுக்குச் சென்றது. குளிரூட்டல் வரலாற்றை எழுதுவோர் உலகின் முதற் கட்டடங்களுள் ஒன்றாக அதனைக் குறிப்பிடுவர். அதற்கு ஓராண்டு முன்னர், 1902 இல், அமெரிக்காவின் புரூக்ளின் நகரிலுள்ள அச்சகம் ஒன்றிற்காக வில்லிசு கரியர் வகுத்த அமைப்பே இன்றைய குளிரூட்டிக்கு முன்னோடி. ஈரத்தாற் காகிதம் விரிந்து வண்ணங்கள் பிசகியமையே அவரைத் தூண்டிற்று. காகிதம் கெடாதிருத்தலும் கொழுந்து கெடாதிருத்தலுமே தொடக்கத்தில் இக்கலையின் நோக்கங்களாயிருந்தன. உழைக்கும் மனிதனின் உடல் வெப்பத்தைப் பற்றிய எண்ணம் பின்னரே தோன்றிற்று.

விசிறியைச் சுழற்றும் விசைக்குத் தோட்டங்கள் தொடக்கத்தில் எவர்க்கும் கட்டணம் செலுத்தவில்லை. மலையிலிருந்து விழும் ஓடை நீரைக் குழாயில் அடக்கிச் சுழலியின் மீது பாய்ச்சினர். அச்சுழலி நீண்டதோர் இருப்புத் தண்டைச் சுழற்ற, தோல்வார்கள் வழியே உருளைகளும் விசிறிகளும் இயங்கின. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைநாட்டில் இத்தகைய சிறு நீர்விசை நிலையங்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. அவற்றுட் பலவற்றில் மின்பொறி பூட்டப்பட்டபோது துரையின் பங்களாவில் விளக்கெரிந்தது. ஈழத்துப் பொறியியலாளரான டி. ஜே. விமலசுரேந்திர, நாட்டின் நீர்வீழ்ச்சிகளிலிருந்து முழு நாட்டுக்கும் மின்விசை பெறலாம் என்பதை 1918 இல் விரிவான ஆய்வுரையாக முன்வைத்தார். அக்கனவு நனவாக முப்பதாண்டுகளுக்கு மேற்சென்றது. இலட்சபானை மின்னிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கிற்று.

பொது மின்கம்பி தோட்டங்களை வந்தடைந்தபோது, மலிவான அம்மின்சாரத்தின் முன் சிறு சுழலிகளைப் பேணுவது வீண் செலவாகத் தோன்றிற்று. குழாய்கள் துருப்பிடித்தன, கால்வாய்கள் தூர்ந்தன. சாக்குத் தட்டுக்களின் இடத்தைப் பெரிய தொட்டிகள் பிடித்தன. தொட்டியின் அடியிலிருந்து மின்விசிறி காற்றைச் செலுத்திற்று. வேலை விரைந்தது, ஆட்செலவு குறைந்தது. ஆனால் முன்பு கச்சான் இலவசமாகச் செய்த பணிக்கு இப்போது திங்கள்தோறும் பட்டியல் வந்தது. மின்விலை ஏறிய பிற்காலத்திற் கைவிடப்பட்ட சுழலிகள் சிலவற்றை மீண்டும் இயக்கும் முயற்சிகள் தோன்றின. உலர்ந்த நாளிற் சூட்டை நிறுத்திவிடுதல், வாட்டம் முற்றும் வேளையில் விசிறியின் வேகத்தைக் குறைத்தல் ஆகிய சிக்கனங்களும் தொழிற்சாலைகளில் வலியுறுத்தப்பட்டன. அவையாவும் இரு வெப்பமானிகள் கற்பித்த பழைய பாடமேயன்றிப் புதியன அல்ல.

கொழுந்துக்கு இத்துணைக் கவனம் செலுத்திய தோட்டம், அதனைக் கொய்தவரை எங்கே குடியமர்த்திற்று என்பதும் இவ்வரலாற்றின் பகுதியே. பன்னிரண்டு அடிக்குப் பத்தடி அளவுள்ள காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய லயங்களே தொழிலாளர் வாழ்ந்த இல்லங்கள். முதுகோடு முதுகு சேர்த்துக் கட்டப்பட்ட இரட்டை லயத்தில், ஒரு குடும்பத்தின் பின்சுவரே மறு குடும்பத்தின் பின்சுவர். முன்வாயிலாற் புகுந்த காற்று வெளியேற வழியில்லை. மேலே தகரக்கூரை, அதன் கீழே மேற்றட்டு இல்லை. பசறை, லுணுகலைப் பள்ளத்தாக்குகளில் நண்பகல் வெயில் அத்தகரத்தை அடுப்பாக்கிற்று. உள்ளே விறகடுப்பு வேறு புகைந்தது. உயர்ந்த தோட்டங்களிலோ அதே தகரம் மார்கழி இரவிற் பனியை உள்ளே இறக்கிற்று. ஸ்டோர் மாடியிற் காற்றின் ஈரத்தை அளக்கக் கருவி தொங்கிற்று. அங்கே கொழுந்தைப் பரப்பிவிட்டு வந்தவர் உறங்கிய அறையில் ஒரு சன்னல் இருப்பதே அரிதாயிருந்தது. காற்றோட்டக் கலையை அறியாமையால் நேர்ந்த குறை அன்று இது. கலை அறிந்திருந்தது, அதனை யாருக்கு வழங்குவது என்னும் தீர்மானமே வேறாக இருந்தது.

தொழிற்சாலையில் ஒளிர்ந்த விளக்கு லயத்தை எட்டுவதற்குப் பல பத்தாண்டுகள் சென்றன. எட்டியபோது அதனுடன் பட்டியலும் வந்தது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் ஒரு நாளிற் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அவ்வாண்டு ஓகத்து மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதமும், 2023 பெப்புருவரியில் மேலும் 66 வீதமும் உயர்த்தப்பட்டன. பின்னர் அது இறங்கியும் ஏறியும் வந்துள்ளது. மின்சாரத்தின் விலை பட்டியலில் மட்டும் எழுதப்படுவதும் அன்று. 2024 இல் இயங்கத் தொடங்கிய 120 மெகாவாட் உமா ஓயாத் திட்டத்திற்காகச் சுரங்கம் அகழப்பட்ட காலத்திற் பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின, வீடுகளின் சுவர்கள் வெடித்தன. ஊவாவின் ஒரு பகுதி மக்கள் மின்சாரத்தின் விலையை நீராலும் சுவராலும் செலுத்தினர்.

இன்று பதுளை நகரின் கடைகளிலும் அலுவலகங்களிலும், வெல்லவாயா, மகியங்கனைத் தாழ்நிலங்களின் வீடுகளிலும் குளிரூட்டி இடம்பெற்று வருகின்றது. கோடையில் அதன் செலவு எத்தகையது என்பதைக் கணக்கே காட்டும். அறுபது வாட் விசிறி ஓர் இரவில் எட்டு மணிநேரம் சுழன்றால் அரை அலகு மின்சாரம் செல்லும். திங்களுக்கு ஏறக்குறையப் பதினைந்து அலகு. சிறு குளிரூட்டி முழு விசையில் இயங்கும்போது ஏறத்தாழ ஆயிரம் வாட் கொள்ளும். அறை குளிர்ந்தபின் அது இடையிடையே ஓய்வு கொண்டாலும், இரவுக்கு ஐந்து அலகு என்று கொண்டால் திங்களுக்கு நூற்றைம்பது ஆகும். இலங்கையின் வீட்டுக் கட்டணம் படிப்படியாக ஏறும் இயல்புடையது. அறுபது அலகைத் தாண்டிய வீடு, குறைந்த நுகர்வினர்க்குரிய சலுகை விலையை இழந்து, முதல் அலகிலிருந்தே உயர்ந்த விலை செலுத்துகின்றது. 180 அலகைத் தாண்டினால் மிகவுயர்ந்த படி. ஆகவே விசிறியோடு நிற்கும் வீட்டிற்கும் குளிரூட்டி இயங்கும் வீட்டிற்கும் பட்டியலில் உள்ள தூரம், அலகுகளில் உள்ள தூரத்தினும் பெரிது.

குளிரூட்டி குளிரை உண்டாக்குவதில்லை. உட்புகுந்த வெப்பத்தை வெளியேற்றுவதே அதன் தொழில். கூரை வழியே புகும் வெப்பம் முழுவதையும் அது இறைக்க வேண்டியிருப்பின், ஓட்டைப் படகில் நீர் இறைப்பது போலாகும். எனவே ஸ்டோரின் ஒழுங்கை வீட்டிற்கும் பொருத்துதல் தகும். வெப்பம் புகும் வழியை அடைத்தல் முதலாவது: தகரத்தின் கீழே மேற்றட்டு அமைத்து இரண்டிற்கும் இடையே காற்று வெளியேற வழிவிடுதல், கூரைக்கு வெள்ளை பூசுதல், மேற்குச் சுவருக்கு மரநிழலோ இஸ்தோப்போ தருதல் என்பன இதன்பாற்படும். காற்றைப் பயன்கொள்ளுதல் இரண்டாவது: எதிரெதிர்ச் சுவர்களில் இரு சன்னல் வைத்து, அந்தியிலும் இரவிலும் திறத்தல். கச்சான் பருவத்தில் நனைத்த திரை ஊவாவில் நன்கு பயன்படும். காற்று உலர்ந்திருப்பதால் நீர் விரைந்து ஆவியாகிக் குளிர்ச்சி தரும். தமிழகத்து இல்லங்களில் வெட்டிவேர்த் தட்டியை நனைத்துத் தொங்கவிட்டோர் கண்ட உண்மையும் இதுவே. ஈரம் நிறைந்த கொழும்பில் இம்முறை அவ்வளவு பயன் தராது. மூன்றாவது விசிறி. இவை போதாத இடத்தில் நான்காவதாகவே குளிரூட்டி. அதுவும் கதவிடுக்கு அடைத்து, வடிகட்டியைத் தூய்மை செய்து, இருபத்தாறு பாகை அளவில் வைத்து, விசிறியின் துணையுடன் இயக்கப்படுமாயின் செலவு பெரிதும் தணியும்.

நோயாளர்க்கும் முதியோர்க்கும் கைக்குழந்தைகட்கும் கடுங்கோடையிற் குளிர்ச்சி ஆடம்பரம் அன்று. அதனை மறுத்துச் சேமிப்பது சிக்கனமும் ஆகாது. ஆனால் அக்குளிர்ச்சியின் பெரும்பகுதியை வீடு கட்டப்படும் நாளிலேயே இலவசமாகப் பெறலாம் என்பதே ஊவாவின் வரலாறு கூறும் செய்தி. மலையகத்தில் லயங்களுக்குப் பதிலாகத் தனிவீடுகள் எழுந்து வருகின்றன. இன்னும் லயங்களில் வாழ்வோர் பலர். அவர்களுக்கான வீடுகள் இனித்தான் வரையப்பட வேண்டும். சன்னல் எத்திசையில், கூரைக்குக் கீழே இடைவெளி எவ்வளவு என்னும் வினாக்கள் வரைபடத்தாளில் எழும்போது செலவின்றித் தீர்பவை; சுவர் எழுந்தபின் அவற்றின் விலையைக் குடியிருப்போர் திங்கள்தோறும் மின்பட்டியலிற் செலுத்த நேரிடும்.

நூறாண்டுகளுக்கு முன், கொழுந்தின் நலம் கருதி மேடு தேர்ந்து, திசை நோக்கி, சன்னல் வகுத்து எழுப்பிய ஸ்டோர்கள் ஊவா மலைகளில் இன்றும் நிற்கின்றன. புதிய வீட்டிற்குக் கடைக்கால் இடுவோர் அவற்றின் மேல்மாடியை ஒருமுறை ஏறிப் பார்த்து வருதல் நன்று.