பெயருக்கென விட்ட இடம்

விக்டோரியா மகாராணியார் காலத்து இங்கிலாந்தில், பொருட்காட்சிகளில் பரிசு பெற்றோருக்கும் தொழிற்சங்கங்களில் அங்கத்தினராகச் சேர்ந்தோருக்கும் வழங்கப்பெற்ற அலங்கார யோக்கியதாபத்திரங்களைக் காணும்போது, தூண்களும் மாலைகளும் தேவதைகளும் கண்ணை நிறைத்துவிடுவதால், இத்தனை ஆடம்பரமும் ஒரு மனிதனுடைய பெயரை எழுதுவதற்கென விட்ட சிறு வெற்றிடத்துக்காகவே வகுக்கப்பட்டது என்பது எளிதிற் புலனாவதில்லை.

இவற்றுள் யான் தலைசிறந்ததாகக் கருதுவது, 1851-இல் பல சங்கங்கள் ஒன்றுகூடி அமைத்த யந்திரத் தொழிலாளர் ஐக்கிய சங்கத்தின் பத்திரம். அதற்கான சித்திரப் போட்டியில் வென்ற ஜேம்ஸ் ஷார்ப்பிள்ஸ் கலாசாலையில் பயின்ற ஓவியர் அல்லர். 1825-இல் பிறந்து, பத்து வயதளவிலேயே பட்டறை வேலைக்குச் சென்று, லங்காஷயரைச் சேர்ந்த பரி நகரத்தின் உலைக்களத்தில் வளர்ந்த கொல்லர். கொதிகலத்தின் வடிவத்தை மேஸ்திரி பட்டறைத் தரையில் சுண்ணக்கட்டியால் வரைவதைக் கண்டு, தம் தாயாரின் வீட்டுத் தரையில் அவ்வாறே வரைந்து கைபழகினார் என்றும், வர்ணங்கள் வாங்க மான்செஸ்டருக்குப் போகவர 18 மைல் நடந்தார் என்றும் அக்காலத்து நூலாசிரியர் ஸாமுவேல் ஸ்மைல்ஸ் எழுதியிருக்கிறார். அத்தகைய கை வரைந்தது என்பதை நினைந்தால்தான் அப்பத்திரத்தின் கருத்து முழுமையாக விளங்கும். போர்த் தெய்வமாகிய மார்ஸின் முறிந்த வாளைச் செப்பனிட மறுத்து நிற்கிறான் அதிலுள்ள கொல்லன். யந்திரங்களைப் புதிதாக இயற்றிய வாட், ஆர்க்ரைட், கிராம்ப்டன் ஆகியோரின் முகங்களும் அதில் இடம்பெற்றன.

இனி, இத்தகைய சித்திரங்கள் அச்சுக்கு ஆயத்தமான விதத்தைச் சிறிது கூறவேண்டும். கலைஞன் முதலிற் கோட்டுருவங்களாக அமைப்பை வகுத்து, தனித்தனியே உருவங்களைப் பயின்று, பின்னர்ப் பத்திரத்தின் அளவிலேயே ஒரு முடிந்த சித்திரத்தை எழுதுவான். அதன் கோடுகளை மெல்லிய தாளிற் பென்சிலாற் படியெடுத்து, தாளை ஈரமாக்கி, மெழுகு பூசிய உலோகத் தட்டின்மேற் கவிழ்த்து உருளை யந்திரத்தில் அழுத்தினால், கோடுகள் இடவலம் மாறி மெழுகிற் பதியும். அச்சிடும்போது அவை மீண்டும் மாறி, ஓவியன் எண்ணிய திசைக்கே வந்துசேரும். செப்புத் தட்டு விரைவில் தேய்ந்துவிடுமாதலால், ஆயிரக்கணக்கான பிரதிகள் வேண்டிய இடத்தில் எஃகுத் தட்டே ஏற்றதாயிற்று. முதலாண்டு முடிவதற்குள்ளாகவே 10,000-க்கு மேற்பட்ட அங்கத்தினரைப் பெற்ற யந்திரத் தொழிலாளர் சங்கத்துக்கு வேறு வழியும் இல்லை. எஃகிற் செதுக்குவதோ மிகுந்த பிரயாசையைக் கோருவது. ‘உலைக்களம்’ என்னும் தம் ஓவியத்தை வேலை ஒழிந்த நேரங்களில் எஃகிற் செதுக்க ஷார்ப்பிள்ஸுக்கு ஏறக்குறையப் பத்தாண்டுகள் சென்றன.

பத்திரம் வெளிவந்த 1852-ஆம் ஆண்டின் தொடக்கத்தில்தான் முதலாளிமார் பட்டறைகளை அடைத்து, சங்கத்தில் தமக்குத் தொடர்பில்லையென்று எழுதிக் கையொப்பமிடுவோருக்கே வேலை தரப்படும் என்று அறிவித்தனர். சில மாதங்கள் பொறுத்தும், குடும்பத்தின் பசி தாளாது பலர் ஒப்பமிட்டு மீண்டனர், சங்கமோ கலையவில்லை. தன் பெயரை எழுதிச் சங்கத்தைத் துறக்குமாறு நிர்ப்பந்திக்கப்பட்ட தொழிலாளிக்கு, சங்கத்தவன் என்று பகிரங்கமாக எழுதிச் சுவரில் மாட்டிக்கொள்ள இடந்தந்தது அப்பத்திரம். ஷார்ப்பிள்ஸ் வரைந்த உருவங்கள் யாவற்றையும்விட, அவர் வரையாமல் விட்ட அந்த இடத்தையே அவருடைய சித்திரத்தின் முதன்மையான அங்கமாக யான் மதிக்கிறேன்.