கொப்பியில் இருந்து கொம்பியூட்டருக்கு

மலருக்கு ஒரு சரித்திரக் கட்டுரை எழுதித் தாரும் என்று சங்கத்துச் செயலாளர் கேட்டார். அரசர்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கினம், நான் வருத்தக்காரரின் கடுதாசிகளைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். சிரித்தார். ஆனால் அகதியாய் வந்த எங்களுக்கு இது சின்ன விசயம் இல்லை.

ஊரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற ஆக்களின் கையில் ஒரு கிளினிக் கொப்பி இருக்கும். பிறசர், சீனி, எந்தக் குளிசை, எத்தனை நேரம், அடுத்த முறை எப்ப வரவேணும், எல்லாம் அதில்தான். டொக்டர் மாறினாலும் கொப்பி மாறாது. வருத்தக்காரரே காவிக்கொண்டு திரிவது நல்ல ஏற்பாடுதான், ஓட வேண்டி வராத வரைக்கும். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்ட சனமும், 2009இல் வன்னியில் இடம் இடமாக நகர்ந்த சனமும் எத்தனை கொப்பிகளை விட்டுவிட்டு வந்திருக்கும்! என்ர அம்மாவின் கொப்பியும் அப்படித்தான் போனது. இங்கே ஜி.பி. என்ன மருந்து எடுத்தனீங்கள் என்று கேட்க, "காலமை வெள்ளைக் குளிசை ஒண்டு, இரவைக்கு மஞ்சள் பாதி" எண்டுதான் அவவால் சொல்ல முடிந்தது. எல்லாப் பரிசோதனையும் முதலில் இருந்து தொடங்கினார்கள்.

இந்த நாட்டிலும் எல்லாம் கடுதாசியில்தான் தொடங்கியது. 1911இல் லொயிட் ஜோர்ஜ் நிதியமைச்சராக இருந்தபோது தேசிய காப்புறுதிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். தொழிலாளி கிழமைக்கு 4 பென்ஸ், முதலாளி 3 பென்ஸ், அரசாங்கம் 2 பென்ஸ் போடவேண்டும். வேலை செய்பவருக்கு டொக்டர் உண்டு. வீட்டில் இருக்கிற மனைவி பிள்ளைகளுக்கு இல்லை. அந்தத் தொழிலாளரின் குறிப்புகளை வைக்க ஏறக்குறைய 7 அங்குலத்துக்கு 5 அங்குலம் அளவில் ஒரு மட்டை உறை வந்தது. அதற்கு 'லொயிட் ஜோர்ஜ் உறை' என்றே பெயர். 1948 யூலை 5இல் தேசிய சுகாதார சேவை தொடங்கி எல்லோருக்கும் வைத்தியம் கிடைத்த பிறகும் அதே உறைதான். வீடு மாறி ஜி.பி. மாறினால் உறை தபாலில் பின்னால் வரும், ஆறுதலாக. உள்ளே டொக்டரின் கோழிக்கிறுக்கல். 'ரி.ஏ.ரி.ரி.' என்று எழுதினால் எந்த நேரமும் களைப்பு என்று அர்த்தமாம். இரட்டை வேலை செய்கிற எங்கட ஆக்கள் எல்லோருக்கும் அதை அச்சடித்தே வைத்திருக்கலாம். அந்தக் கடுதாசியில் தன்னைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கும் உரிமையைச் சட்டம் 1991 நவம்பரில்தான் வருத்தக்காரருக்குக் கொடுத்தது.

கொம்பியூட்டர் மெல்ல மெல்லத்தான் வந்தது. 1982இல் 150 ஜி.பி. நிலையங்களுக்குப் பாதிச் செலவை அரசாங்கம் கொடுத்தது. 1987இல் இரண்டு கொம்பனிகள் கொம்பியூட்டரைச் சும்மா தருகிறோம் என்றன. பதிலுக்கு, பெயர் இல்லாமல், யாருக்கு என்ன மருந்து கொடுக்கப்பட்டது என்ற தகவல் வேண்டும். லஃப்பரோ நகரத்து ஜி.பி. ஜேம்ஸ் றீட் ஒவ்வொரு வருத்தத்துக்கும் ஒரு குறியீடு வகுத்தார். 2000ஆம் ஆண்டில் கடுதாசியே இல்லாமல் குறிப்பு வைத்திருக்க ஜி.பி.மாருக்கு அனுமதி கிடைத்தது. ஆஸ்பத்திரிகளையும் சேர்த்து நாடு முழுக்க ஒரே ஏற்பாடு செய்வோம் என்று 2002இல் தொடங்கிய பெரிய திட்டம் 2011இல் கைவிடப்பட்டது. செலவு கிட்டத்தட்ட 1,000 கோடி பவுண். சங்கக் கணக்கில் ஐந்து பவுண் இடித்தாலே எங்கட கூட்டத்தில் என்ன சண்டை வரும்!

கொம்பியூட்டர் குறிப்பின் பெறுமதியை எனக்கு விளங்க வைத்தது ஒரு கெட்ட மனிதனின் கதை. மன்செஸ்டருக்குப் பக்கத்தில் ஹைட் என்ற ஊரில் ஹரோல்ட் ஷிப்மன் என்ற ஜி.பி. தன்னிடம் வந்த வயோதிபர்களுக்கு ஊசி போட்டுக் கொன்றான். கொன்றபின், அவர்களுக்கு முன்னமே இருதய வருத்தம் இருந்தது போலப் பழைய திகதி போட்டுக் குறிப்பு எழுதினான். கடுதாசி என்றால் யாருக்குத் தெரியும்? ஆனால் கொம்பியூட்டருக்குள், ஒவ்வொரு வரியும் உண்மையில் எந்தத் திகதி, எத்தனை மணிக்கு எழுதப்பட்டது என்று பதிவாகியிருந்தது. அது அவனுக்குத் தெரியாது. 1998 செப்டெம்பரில் பிடிபட்டான். 2000 ஜனவரி 31இல் 15 கொலைகளுக்குக் குற்றவாளியானான். பின்னர் நடந்த பகிரங்க விசாரணை 215 பேரைக் கொன்றான் என்று கண்டது. நான் வேலை செய்கிற சாப்பாட்டுத் தொழிற்சாலையிலும் தாளில் பிழையாய் எழுதினால் அழிக்கேலாது. ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து வைக்கவேணும். சாண்ட்விச்சுக்கே அப்படியெண்டால் மனுசருக்கு வேண்டாமோ?

இப்ப நடுச்சாமத்தில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாலும், எடுக்கிற மருந்து என்ன, எது ஒத்துக்கொள்ளாது என்று அங்கேயே திறந்து பார்க்கலாம். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாதவருக்கு, இங்கிலிஷ் தெரியாவிட்டாலும், அந்த ஒரு வரி அவருக்காகப் பேசும். எங்கட பெயர்ப் பிரச்சினையும் உங்களுக்குத் தெரியும். ஓரிடத்தில் தகப்பன் பெயர் முன்னால், இன்னோரிடத்தில் பின்னால். ஒரே ஆள் இரண்டு ஆளாகிவிடுவார். பத்து இலக்க என்.எச்.எஸ். இலக்கம் ஒன்றுதான் மாறாது. அதை எழுதி வைத்திருங்கள்.

பயமும் காரணம் இல்லாமல் வந்ததில்லை. விசா இல்லாதவர்களைத் தேட, ஜி.பி.யிடம் பதிந்த விலாசத்தை உள்துறை அமைச்சு கேட்டு வாங்குவதற்கு 2017 ஜனவரியில் ஓர் ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதைக் கேள்விப்பட்டு டொக்டரிடம் போகாமல் வருத்தத்தோடு கிடந்த ஆக்களை எனக்குத் தெரியும். டொக்டர்மாரும் அகதிகளுக்காகப் பேசுகிற அமைப்புகளும் எதிர்த்து நின்றார்கள். 2018 மே மாதம் அது பெரும்பாலும் நிறுத்தப்பட்டு, நவம்பரில் கைவிடப்பட்டது. போகாமல் இருந்த காலத்தில் முற்றிய வருத்தங்கள் எந்தக் குறிப்பிலும் இல்லை.

இங்கிலாந்து ஜி.பி. நிலையங்கள், புதிதாய் எழுதும் குறிப்பை வருத்தக்காரர் போனிலேயே பார்க்க 2023 ஒக்டோபர் முடிவுக்குள் வழி செய்யவேண்டும் என்று ஆனது. பிள்ளையளைக் கொண்டு திறந்து வாசிப்பியுங்கள். பிழையிருந்தால் திருத்தச் சொல்லிக் கேட்கலாம். அதற்கு முந்திய பக்கங்கள் வேணுமெண்டால் ஜி.பி.யிடம் தனியாகக் கேட்கவேணும். 2018 மே வரைக்கும் அதற்கு 50 பவுண் வரை அறவிடலாம் என்று இருந்தது. இப்ப பொதுவாகக் காசு இல்லை.