இரும்புக் கூடும் உட்கூடும்

போர்களின் வரலாற்றை மன்னர் பெயர்களாலும் வெற்றி நாள்களாலும் அறிந்து பழகிய நாம், வீரன் அணிந்த பொருளை ஆவணமாகக் கருதுவது அரிது. அமெரிக்கப் படை 1941இல் ஏற்றுக்கொண்ட எம்1 தலைக்கவசம் அத்தகையதோர் ஆவணம். இரண்டாம் உலகப் போரில் இரண்டு கோடிக்கும் மேலாகச் செய்யப்பட்ட இதன் காலத்தைக் கவசமே கூறும்.

மாங்கனீசு எஃகாலான வெளிக்கூட்டின் விளிம்புப் பட்டை, தொடக்கத்தில் முன்புறம் இணைக்கப்பட்டது. 1944இன் இறுதியில் அவ்விணைப்பு பின்புறம் மாறியது. தாடை நாடாவைத் தாங்கும் வளையம் முதலில் அசையாதது. அசையும் வளையம் 1943இல் புகுந்தது.

உட்கூட்டின் வரலாறு வேறு. முதலில் அழுத்திய தாள்நாரால் செய்யப்பட்டு, ஈரத்தில் நைந்தமையால், பிசின் ஊட்டிய பருத்தித் துணியாலான கூடு அதன் இடத்தைப் பெற்றது. எளிதில் அழிந்த அத்தாள்கூடே இன்று அரிதாகி மிகுவிலை பெறுகிறது.

மதிப்பீட்டில் தலையாயது மூலநிலை. பழங்கவசத்திற்குப் புதுவண்ணம் பூசுதல், சுவடியின் மூலபாடத்தை அழித்து இடைச்செருகல் எழுதுவதற்கு ஒப்பாகும். உட்கூடுகள் சிலவற்றில் வீரனது குடும்பப் பெயரின் முதலெழுத்தும் படை எண்ணின் இறுதி நான்கு இலக்கங்களும் காணப்படும். விலை கூட்டும் பொருட்டுப் பொய்ப்பெயரும் படைச்சின்னமும் தீட்டுவோரும் உளர். அங்கு ஏமாறுபவர் வாங்குபவர் மட்டுமல்லர். உண்மையில் அதனை அணிந்து நின்றவன் இரண்டாம் முறை மறைகிறான். நடுகல்லில் வீரன் பெயரைப் பொறித்த மரபினர்க்கு இவ்விழப்பின் அளவு சொல்லாமலே விளங்கும்.