ஸ்ரீநகரத்து ஹமாம்

ஹமாம் என்றதும் நம்மவருக்குச் சோப்புக் கட்டியே நினைவிற்கு வரும். குளியலிடத்தைக் குறிக்கும் அரபுச் சொல் அது. காஷ்மீரத்திலோ, கணகணப்பான கூடத்திற்கும் அதுவே பெயராயிற்று. 1540 முதல் 1551 வரை அப்பள்ளத்தாக்கை ஆண்ட மிர்ஸா ஹைதர் துக்லாத் அதனைக் கொணர்ந்தார் என்று கூறுவர் பலர்.

டிசம்பர் 21இல் தொடங்கும் கடுங்குளிர் 40 நாட்கள் நீடிக்கும். சில்லைக் கலான் என்பது அதன் பெயர். அதற்கு முன்னரே விறகைப் பிளந்து, உலர்த்தி, வீட்டில் அடுக்கிவிடுவர்.

ஹமாமின் தரை முழுதும் கற்பலகைகள், அடியில் வெற்றிடம். விறகு எரிவது அங்கேதான். சுவரில் பதித்த செப்புக் கொப்பரையில் நீரும் காயும். அடுப்பின் வாய் கூடத்திற்கு வெளியே அமைந்திருப்பதே இதன் நுட்பம்! விறகிடுபவர் வெளியில் நின்றே இடுவார்; தூசியும் புகையும் உள்ளே அவ்வளவாக வருவதில்லை.

புகாரி எனும் இரும்புக் கணப்போ அறைக்குள்ளேயே நிற்பது. விறகும் அருகிலேயே கிடக்கும். ஈர விறகினால் கரி படிந்து புகைக்குழாய் அடைபட்டால், சாளரம் சாத்திய அறையில் மணமற்ற நச்சுக்காற்று பரவி, உறங்குவோர் உயிரையே பறித்துவிடும். அங்கே புதிதாய்க் குடியேறும் நம்மவர், குளிருக்கு அஞ்சி, இருக்கும் துளைகளை எல்லாம் துணியால் அடைப்பர்!

பள்ளிவாசல்களிலும் ஹமாம் உண்டு. அக்கம்பக்கத்தார் அங்கே கூடிக் குளிர்காய்வர்.