படக்குழாயும் புத்தர் படிமமும்

காலத்தால் கருவிகள் மாறுகின்றன; கருவிகளோடு காட்சியும், காட்சியோடு வழிபாடும் மாறுகின்றன. இம்மூன்று மாற்றங்களையும் ஒருங்கே காட்டுவன கொரியக் கலைஞர் பைக் நாம்ஜூனின் (1932–2006) படைப்புகள். சியோலில் பிறந்து, போரால் தாய்நாடு நீங்கி, தோக்கியோவில் பயின்று, ஜெர்மனி சென்ற அவர், தொலைக்காட்சிப் பெட்டியையே தம் கலைப்பொருளாகக் கொண்டார்.

1963இல் ஜெர்மனியின் வூப்பர்டால் நகரில் நிகழ்ந்த அவர்தம் கண்காட்சியில், பழுதுற்ற பெட்டியொன்றில் படம் ஒற்றை ஒளிக்கோடாகச் சுருங்கி நின்றது. அவர் அப்பெட்டியைப் பக்கவாட்டில் நிறுத்திக் கோட்டைச் செங்குத்தாக்கினார். ‘தொலைக்காட்சிக்கான ஜென்’ என்று பெயருமிட்டார். பழுதையே தியானப் பொருளாக்கிய துணிவு அது.

1974இல் உருவான ‘தொலைக்காட்சிப் புத்தர்’ இன்னும் ஆழமானது. பழைய புத்தர் படிமம் ஒன்று தொலைக்காட்சிப் பெட்டியின் எதிரே அமர்ந்திருக்கிறது. படப்பதிவுக் கருவி அப்படிமத்தைப் படம்பிடித்துத் திரையில் இடையறாது காட்டுகிறது. புத்தர் தம்மையே நோக்கியிருக்கிறார். அது தியானமா, தற்காதலா என்னும் வினாவிற்குக் கலைஞர் விடை கூறவில்லை. ஒருகாலத்தில் வழிபடுவோர் நோக்கிய திருவுருவம், நுழைவுச்சீட்டுடன் வருவோர் நோக்கும் காட்சிப்பொருளாகியமை ஈண்டுக் கருதத்தக்கது.

கலைஞரின் தாய்நாட்டிலும் சமயநிலை மாறிற்று. தென்கொரிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, 2005இல் ஏறத்தாழ 23 விழுக்காட்டினராயிருந்த பௌத்தர், 2015இல் 15.5 விழுக்காட்டினராயினர். சமயம் சாராதோர் 56 விழுக்காட்டைத் தாண்டினர்.

மறுபுறம், படக்குழாய்களும் வழக்கொழிந்தன. சியோல் ஒலிம்பிக் நிகழ்ந்த 1988இல், குவாச்சோன் நகரின் தேசியக் கலைக்கூடத்தில் அவர் 1003 தொலைக்காட்சிப் பெட்டிகளை அடுக்கி, பௌத்த அடுக்குக் கோபுரத்தை நினைவூட்டும் மாபெரும் படைப்பொன்றை எழுப்பினார். ‘மிகப் பலவே மிக நன்று’ என்பது அதன் பெயர்ப்பொருள். அவ்வெண்ணும் பொருளுடைத்து: வான் திறந்து நாடு தோன்றியதாகத் தொன்மம் கூறும் அக்டோபர் 3ஆம் நாளை அது குறிக்கிறது.

2018இல் அக்கோபுரத்தின் ஒளி நிறுத்தப்பட்டது. பழைய படக்குழாய்களைத் தேடிப் பெறுவதும் அரிதாயிற்று. அனைத்தையும் தட்டைத் திரைகளாக்குவதா, அணைந்தவாறே விடுவதா என்னும் நெருக்கடி எழுந்தது. ஈற்றில் 737 பெட்டிகள் பழுதுபார்க்கப்பட்டும் பழைய குழாய்கள் பொருத்தப்பட்டும் மீட்கப்பெற்றன. மேலடுக்குகளின் 266 சிறு பெட்டிகள் மட்டும் புறவடிவம் மாறாமல் தட்டைத்திரை ஏற்றன. 2022 செப்டம்பரில் கோபுரம் மீண்டும் ஒளிர்ந்தது.

இம்மீட்பு முழுமையானதன்று. படக்குழாயின் புடைத்த கண்ணாடியும் அதன் ஒளித்தன்மையும் அந்த 266 பெட்டிகளில் இல்லை. எனினும் இழந்தது இன்னதென மறைக்காமல், இயன்றது இவ்வளவென ஏற்ற நேர்மை அதில் உண்டு. நம்பிக்கை தளர்ந்த காலத்தில் பழம்படிமத்தைக் காப்போர்க்கும், வழக்கிறந்த யாப்பில் இன்றைய உணர்வை வைக்க முனையும் கவிஞர்க்கும் வேண்டுவது இந்நேர்மையே எனலாம்.