உணர்வுக்கு எட்டாத மின்னோட்டம்

தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய இடங்களில் வாழும் நம்மவர் நோயுற்ற காலத்தில் நெடுநாளாக நாடி வருபவை சயான் ஆஸ்பத்திரியும், பரேலில் 1926-இல் திறக்கப்பெற்ற கே.ஈ.எம். ஆஸ்பத்திரியும் ஆகும். அங்கே கட்டிலைச் சூழ்ந்து நிற்கும் மின்கருவிகளைக் கண்டு, "ஷாக் அடிக்குமோ?" என்று முதியோர் அஞ்சுவதுண்டு. அவ்வச்சம் நகைப்பதற்கு உரியதன்று. அதற்கும் ஒரு வரலாறு உண்டு.

மின்னோட்டம் எந்த அளவில் உடலுக்குப் புலனாகிறது? இதனை 1940-களிலும் 1950-களிலும் முறையாக ஆராய்ந்தவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சார்லஸ் டால்சீல். ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் கையில் பாய்ந்தாலே ஆடவர் சராசரியாக அதனை உணர்ந்தனர். பெண்டிர் அதனினும் குறைந்த அளவிலேயே உணர்ந்தனர். ஆதலின், "சுருக்கென்கிறது" என்று நோயாளி கூறுவதை மனப்பிரமை என்று தள்ளிவிடலாகாது. கருவியைச் சோதித்தறிவதே முறை.

இதய சிகிச்சை வளர்ந்தபோது வேறோர் உண்மை வெளிப்பட்டது. கே.ஈ.எம். ஆஸ்பத்திரியில் டாக்டர் பி. கே. சென் 1968-இலேயே இதயமாற்று அறுவையை மேற்கொண்டார். இதயத்துக்குள் கம்பியோ குழாயோ செலுத்தப்பெற்ற நோயாளிக்குத் தோல் தரும் காப்பு இல்லை. கை உணரும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட அவர் இதயத் துடிப்பைக் குலைத்துவிடக்கூடும். கருவியை ஒரு கையாலும் அக்கம்பியை மறு கையாலும் தொடும் செவிலிக்கோ ஒன்றுமே தெரியாது! எனவேதான் 1977-இல் வெளிவந்த உலகத் தரவிதி, இதயத்தோடு நேரே இணையும் கருவிகளில் இயல்பு நிலையில் நோயாளியின் வழியே கசியும் மின்னோட்டம் ஓர் ஆம்பியரில் லட்சத்தில் ஒரு பங்கை மீறலாகாது என வரையறுத்தது.

உணரப்படாத மின்னோட்டம் அனைத்தும் தீயதோ எனில், அன்று. செம்பூரை அடுத்த டிராம்பேயில், பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் குருதியோட்டத்தை அறியும் கருவியொன்றை உருவாக்கினர். நொடிக்கு 50,000 முறை அலையும் மெல்லிய மின்னோட்டத்தை அது உடலில் செலுத்துகிறது. அத்துணை விரைவான அலைவுக்கு நரம்புகள் கிளர்ச்சி அடைவதில்லை. நோயாளிக்குத் துன்பமும் இல்லை.

இன்று மருத்துவக் கருவிகள் நம் இல்லங்களுக்கும் வந்துவிட்டன. மூன்று முள் பிளக்கின் பெரிய முள், கசியும் மின்சாரத்தை நிலத்துக்குச் செலுத்தும் வழி. சுவரில் துளை இல்லையென்று அதனை ஒடித்து விடுவது, காவலனை வெளியேற்றிக் கதவைத் திறந்து வைப்பது போன்றதாகும். ஆஸ்பத்திரியிலும், மொழி தெரியவில்லையே என்று நாம் வாளாவிருத்தல் வேண்டா. "கரண்டு" என்னும் ஒரு சொல் மராத்தியருக்கும் விளங்கும், இந்தி பேசுவோருக்கும் விளங்கும். அதனைத் தயங்காமல் சொல்வோமாக.